காஸ்பிளே, அனிமே ரசிகர்கள், ஊர் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸ்பிளே, அதாவது கதைப் பாத்திரத்தைப் போல உடுத்தி நிற்பது, செய்கிறேன் என்று சொன்னதும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் உடையைப் பற்றியவை அல்ல. "இதையெல்லாம் செய்கிறவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள்?" என்பதைத்தான் பலர் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஜப்பானுக்குப் போக வேண்டும். அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் படங்களின் ரசிகர்களுக்குப் பெயர் கெட்டதும் ஓரளவு மீண்டதும் அங்கேதான்.

காஸ்பிளே என்பது மாறுவேடப் போட்டிதானே?

பாதி சரி. பள்ளி மாறுவேடப் போட்டியில் பாரதியாராக வரும் பிள்ளைக்கு ஒரு முண்டாசு, கறுப்புக் கோட்டு, மை தீட்டிய மீசை போதும். யாரென்று தெரிந்துவிட்டால் கைதட்டல் விழும். காஸ்பிளேயில் யாரென்று தெரிவது தொடக்கம் மட்டும்தான். அந்தப் பாத்திரம் கதையின் எந்தக் கட்டத்தில் அந்த உடையைப் போட்டது, மேலங்கியின் ஓரத்தில் எத்தனை கோடு, வாளை எந்தப் பக்கம் செருகியிருக்கும், கோபம் வந்தால் எப்படி நிற்கும் என்றெல்லாம் பார்ப்பார்கள். வரைந்த உருவத்துக்கு எடை கிடையாது, தையல் கிடையாது, தலைமுடி காற்றில் அப்படியே நிற்கும். அதை நிஜத் துணியிலும் நிஜ உடம்பிலும் கொண்டுவருவதுதான் வேலை. 'காஸ்ட்யூம்', 'பிளே' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து ஜப்பானியர் சுருக்கியதுதான் 'கொசுப்புரே'. அது ஊர் சுற்றி நமக்குக் காஸ்பிளேயாக வந்திருக்கிறது.

அப்படியானால் இதைத் தொடங்கியவர்கள் ஜப்பானியரா?

சொல் அவர்களுடையது, பழக்கம் அதைவிடப் பழையது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனைப் போல உடுத்திக்கொண்டு வந்தார். அவருடன் வந்த மர்டில் டக்ளஸும் அதே பாணி உடையில் இருந்தார். இரண்டு உடைகளையும் தைத்தவர் டக்ளஸ்தான். பல காலம் அக்கர்மன் பெயரை மட்டுமே சொல்லிவந்தார்கள். தைத்தவர் பெயர் பின்னால் போவது இந்தக் கலையில் அன்றே தொடங்கிவிட்டது.

ஜப்பானில் எல்லோரும் சொல்லும் சம்பவம் 1978இல் ஹகோனே அருகே அஷினோ ஏரிக்கரையில் நடந்த அறிவியல் புனைகதை மாநாடு. இன்று விமர்சகராக அறியப்படும் மாரி கோதானி அங்கே ஒரு பழைய அமெரிக்கக் கதையின் நாயகியைப் போல உடுத்தி வந்தார். பார்த்தவர்கள் அவரை ஓர் அனிமே பாத்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். அனிமே காஸ்பிளேயின் வரலாற்றில் முதல் பக்கமாகப் பலர் வைப்பது இந்தத் தவறான அடையாளத்தைத்தான். எனக்கு இது மிகவும் பிடித்த கதை. பார்ப்பவர்கள் கண்ணில் அனிமே ஏற்கெனவே நிறைந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

'கொசுப்புரே' என்ற சொல்லை 1983இல் 'மை அனிமே' இதழில் எழுதியவர் நோபுயுகி தகாஹாஷி. ஆங்கிலத்தில் 'மாஸ்கரேட்' என்று வழங்கியதை ஜப்பானியத்தில் பெயர்த்தால் மேட்டுக்குடி விருந்து போல ஒலிக்கிறது என்று அவர் புதிதாக ஒன்றை உருவாக்கினார்.

'ஒட்டாக்கு' என்றால் திட்டா, பாராட்டா?

அனிமே போன்றவற்றில் மூழ்கிக் கிடக்கும் தீவிர ரசிகர்களை ஜப்பானில் இப்படிச் சொல்கிறார்கள். இலக்கணப்படி பார்த்தால் மரியாதைச் சொல். 'உங்கள் வீடு' என்று பொருள். எதிரில் இருப்பவரை 'தாங்கள்' என்று விலகி நின்று அழைப்பதற்கும் பயன்படும். ரசிகர்கள் தங்களுக்குள் இப்படி ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டதைப் பார்த்து, அதையே அவர்களுக்குப் பெயராக வைத்தார் பத்தி எழுத்தாளர் அகியோ நாகமோரி. அதுவும் 1983தான், 'மாங்கா புரிக்கோ' இதழில் வந்த பத்தி அது. ரசிகர்களின் புத்தகச் சந்தையான கொமிக்கெத்துக்கு வந்தவர்களின் தலைமுடியையும் சட்டையையும் உடம்பையும் ஏளனம் செய்து அவர் எழுதியிருந்தார்.

ஒரே ஆண்டில் இரண்டு சொற்கள். ரசிகர்கள் செய்வதற்கு ஒரு ரசிகர் அன்போடு வைத்த பெயர் ஒன்று; ரசிகர்களை வெளியே நின்று பார்த்தவர் முகம் சுளித்து வைத்த பெயர் இன்னொன்று. அப்போதிருந்து இரண்டும் ஒன்றையொன்று விடாமல் துரத்துகின்றன. இன்று ஜப்பானில் இளைஞர்கள் "நான் ரயில் ஒட்டாக்கு", "நான் கேமரா ஒட்டாக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ரசிகரிடம் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் கொஞ்சம் இறுகும். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

1989இல் என்ன நடந்தது? ஏன் எல்லோரும் அந்த ஆண்டைச் சொல்கிறார்கள்?

1988, 1989 ஆண்டுகளில் தோக்கியோவிலும் சைதாமாவிலும் நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். நான்கிலிருந்து ஏழு வயதுக் குழந்தைகள். 1989 ஜூலையில் பிடிபட்ட ஆளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவன் அறையில் 5,763 வீடியோ நாடாக்கள் இருந்தன. சுவர் தெரியாமல் நாடாக்களும் இதழ்களும் அடுக்கிய அந்த அறையைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. 'ஒட்டாக்கு கொலைகாரன்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. அதுவரை சில ஆயிரம் பேருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு சொல்லை நாடு முழுவதும் இப்படித்தான் தெரிந்துகொண்டது.

அந்தக் குடும்பங்களின் இழப்புக்கு முன்னால் ரசிகர்களின் பெயர் கெட்டது சின்ன விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சின்ன விஷயம் என்பதால் நடக்காத விஷயம் ஆகிவிடாது. ஒருவனின் அறை லட்சம் பேரின் அறையாகப் பார்க்கப்பட்டது. வீட்டில் வீடியோ நாடா அடுக்கி வைத்திருந்த பையனைப் பெற்றோர் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். பள்ளியில் அனிமே பார்ப்பதை மறைத்துக்கொண்ட தலைமுறை ஒன்று உருவானது. 1991இல் ரசிகர் வெளியீடுகளின் ஆபாசம் பற்றிய காவல்துறை நடவடிக்கையும் சேர்ந்துகொள்ள, மகுஹாரி மெஸ்ஸே அரங்கம் கொமிக்கெத்துக்கு இடம் தர மறுத்தது. விழா பழையபடி தோக்கியோவின் ஹரூமி பகுதிக்குப் போனது.

இதில் என் மனதை உறுத்துவது வேறொன்று. அந்தக் கொலைச் செய்திகள் வரைந்த ஒட்டாக்கு ஓர் ஆண்: தனியாக, இருட்டறையில், பெண்களோடு பேசத் தெரியாதவன். ஆனால் 1975 டிசம்பரில் முதல் கொமிக்கெத்துக்கு வந்த சுமார் 700 பேரில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் சிறுமியருக்கான மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, படித்த பள்ளி மாணவிகள். காஸ்பிளே செய்கிறவர்களிலும் பெண்களே அதிகம், அன்றும் இன்றும். நாடே பயந்த அந்த உருவத்துக்கும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

கொமிக்கெத் என்றால் என்ன?

'காமிக் மார்க்கெட்' என்பதன் சுருக்கம். ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களை விற்கும் சந்தை. கோடையில் ஒன்று, ஆண்டு இறுதியில் ஒன்று. 32 குழுக்களோடு தொடங்கியது, 2019 ஆகஸ்டில் நான்கு நாட்களில் ஏழு லட்சத்து முப்பதாயிரம் பேர் வந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. அங்கே 'வாடிக்கையாளர்' என்று யாரும் கிடையாது. விற்பவர், வாங்குபவர், தொண்டர், வேடமிட்டவர் எல்லோரும் 'பங்கேற்பவர்' என்றே அழைக்கப்படுகிறார்கள்.

அங்கே காஸ்பிளேக்கு ஏன் இத்தனை விதிகள்?

முதல் விதி: உடையைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது, போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவும் கூடாது. பெட்டியில் கொண்டுவந்து, பணம் கட்டிப் பதிவு செய்து, ஒதுக்கிய அறையில் மாற்றிக்கொண்டு, ஒதுக்கிய இடத்தில் நிற்க வேண்டும். நிஜப் போலீஸ், தீயணைப்புப் படை உடைகளைப் போன்றவை கூடாது. அரசுச் சீருடையை உரிமையில்லாமல் அணிவது ஜப்பானில் சட்டப்படியே குற்றம். ஆயுதம் போன்ற பொருட்களுக்குக் கட்டுப்பாடு. அடுத்தவர் மேல் படும் சாயம், உதிரும் மினுக்கு எதுவும் கூடாது.

இதைக் கேட்டதும் "விழாவுக்கா போகிறோம், பரீட்சைக்கா?" என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆகஸ்ட் வெயிலில், கழுத்து வரை மூடிய கோட்டோடு, நிழலே இல்லாத இடத்தில் நின்றபோது புரிந்தது. என் முன்னால் ஒரு நடுவயது அம்மா நின்றிருந்தார். தன் இடத்தைச் சுற்றி விழுந்திருந்த விக் முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. வெளியே ரயிலில் அன்றாட வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் அடுத்த ஆண்டு அரங்கம் கிடைக்காது என்ற நினைப்பு அங்கே எல்லோருக்கும் இருக்கிறது. அரங்கம் கிடைக்காமல் போன அனுபவம் அவர்களுக்கு நிஜமாகவே உண்டு.

அந்த ஒழுங்கை நான் மனதார மதிக்கிறேன். கூடவே அது வலிக்கவும் செய்கிறது. ஒரு கிரிக்கெட் ரசிகர் முகத்தில் கொடி வரைந்துகொண்டு மின்சார ரயிலில் ஏறினால் யாரும் அவரிடம் விதிப்புத்தகம் கேட்பதில்லை. காஸ்பிளே செய்கிறவர் மட்டும் எப்போதும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பயம் உள்ளேயும் திரும்புகிறது: ரசிகர்களே ஒருவரையொருவர் கண்காணிப்பது, புதிதாக வந்த பதினாறு வயதுப் பெண்ணின் சிறு தவறைப் படமெடுத்து "இவளால் நம் எல்லோருக்கும் கெட்ட பெயர்" என்று பரப்புவது. விதியைச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் அந்தப் பெண்ணை ஊர் முன்னால் நிறுத்தாதீர்கள்.

ரசிகர்களின் பெயர் எப்போது மாறத் தொடங்கியது?

ஒரே நாளில் மாறவில்லை. 2004இல் ஒரு ஒட்டாக்கு இளைஞனின் காதலைச் சொன்ன 'தென்ஷா ஒத்தோகோ' புத்தகமாக வந்து, அடுத்த ஆண்டு திரைப்படமும் தொடரும் ஆனது. நாடு முதல்முறையாக அந்த உருவத்தைப் பார்த்து இரக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2003இல், நகோயாவில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் உலக காஸ்பிளே மாநாட்டைத் தொடங்கியிருந்தது. 2005இலிருந்து அது நாடுகளுக்கிடையேயான போட்டி. முதல் பட்டம் இத்தாலிக்கு. 2006இலிருந்து ஜப்பான் வெளியுறவு அமைச்சகமும் ஆதரவு தருகிறது. நகோயாவின் ஓசு கடைத்தெருவில் வேடமிட்டவர்கள் ஊர்வலம் போக, காய்கறிப் பையோடு பாட்டிகள் நின்று கையசைப்பார்கள். 2008இல் டோரேமோனை அனிமே தூதராக அரசு நியமித்தது.

அதே 2008 ஜூன் 8 அன்று, தோக்கியோவில் ரசிகர்கள் கூடும் கடைவீதியான அகிஹபராவில் ஒருவன் லாரியை ஏற்றியும் கத்தியால் குத்தியும் ஏழு பேரைக் கொன்றான். ஞாயிறுதோறும் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்கள் நடக்க விடும் தெரு அது. வேடமிட்டவர்கள் ஆடிப்பாடிய தெருவும் அதுதான். 2011 ஜனவரி வரை அந்த ஞாயிறு நடை நிறுத்தப்பட்டது. இந்த முறையும் சில ஊடகங்கள் ஒட்டாக்கு என்ற சொல்லைத் தேடி எடுத்தன. ஆனால் 1989 போல அது ஒட்டவில்லை. இடையில் இருபது ஆண்டுகள் போயிருந்தன, பழைய ரசிகர்கள் பலர் இப்போது செய்தியறைகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அரசு கொடுத்த இந்த மரியாதையில் ஒரு பக்கம் எனக்குத் தயக்கம் உண்டு. விற்பனை ஆகிறது, சுற்றுலா வருகிறது என்பதற்காக வந்த மரியாதை, விற்பனை குறைந்தால் என்ன ஆகும்?

ஷிபுயா ஹாலோவீன் கூட்டத்தில் கலவரம் செய்தவர்கள் காஸ்பிளே செய்கிறவர்கள்தானே?

இல்லை, இந்தக் குழப்பம் ஜப்பானிலேயே உண்டு. தோக்கியோவின் ஷிபுயாவில் அக்டோபர் கடைசியில் கூடுவது யாரும் நடத்தாத தெருக் கூட்டம். கடையில் வாங்கிய உடையும் கையில் மதுவுமாக வருகிறவர்கள் அதிகம். 2018இல் ஒரு சிறிய லாரியையே கவிழ்த்தார்கள். 2019இல் தெருவில் குடிக்கத் தடை வந்தது. 2023இல் "ஹாலோவீனுக்கு ஷிபுயாவுக்கு வராதீர்கள்" என்று மேயரே கேட்டுக்கொண்டார்.

சில ரயில் நிறுத்தங்கள் தள்ளி இகெபுகுரோவில் 2014இலிருந்து அதே நாட்களில் காஸ்பிளே விழா நடக்கிறது. பதிவு, உடை மாற்றும் அறை, வழிகாட்டும் தொண்டர்கள் எல்லாம் உண்டு. அங்கே லாரி கவிழவில்லை. செய்தியில் எது வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

வேடமிட்டவரைப் படமெடுக்க அனுமதி கேட்க வேண்டுமா? அவர்கள் பார்க்கத்தானே உடுத்துகிறார்கள்?

கேட்க வேண்டும். பார்க்க உடுத்துவது வேறு, எப்படிப் பார்த்தாலும் சம்மதம் என்பது வேறு. கொமிக்கெத்தில் வரிசையில் நின்று, முறை வந்ததும் வணங்கிக் கேட்டு, எடுத்த படத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். கூட்டம் பெருகினால் வட்டமாக நின்று, பத்திலிருந்து சத்தமாக எண்ணி, பூஜ்யம் வந்ததும் எல்லோரும் கேமராவைக் கீழே இறக்குவார்கள். நேரில் பார்த்தால் அவ்வளவு அழகு.

அதே இடத்தில், தரையோடு தரையாகக் கேமராவை வைத்துக் கீழிருந்து எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பாவாடைக்குள் திருட்டுப் படம் எடுப்பதை நாடு முழுவதற்கும் பொதுவான குற்றமாக்கிய சட்டம் ஜப்பானில் 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 'காஸ்பிளே என்பது சம்மதம் அல்ல' என்ற முழக்கம் எழுந்து, 2014இல் நியூயார்க் காமிக் கான் என்ற ரசிகர் விழா அதைப் பலகையில் எழுதி வைத்தது. இப்படிப் பலகை வைக்கும் நிலை வந்ததற்கு உடுத்தியவரைக் குறை சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

உடைகள் ஆபாசமாக இருக்கின்றனவே?

சில அப்படித்தான். பாத்திரங்களை வரைந்தவர்கள் அப்படி வரைந்திருக்கிறார்கள், அதைப் பற்றிய விமர்சனம் நியாயமானது. ஆனால் அந்த விமர்சனம் வரைந்தவருக்கும் பதிப்பித்தவருக்கும் போக வேண்டியது. பெரும்பாலான உடைகள் கவசம், கிமோனோ, பள்ளிச் சீருடை, காலணி வரை தொங்கும் மேலங்கி. அவை பத்திரிகை அட்டையில் வருவதில்லை.

வேறொருவர் படைத்த பாத்திரத்தைப் போல உடுத்துவது காப்புரிமை மீறல் இல்லையா?

பணம் வாங்காமல், ஆசைக்காகச் செய்வதை ஜப்பானில் உரிமையாளர்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. காஸ்பிளேயையே தொழிலாகக் கொண்டவர்கள் பெருகியதால், 2021 தொடக்கத்தில் அரசு இதற்கு வழிமுறை வகுப்பது பற்றிப் பேசத் தொடங்கியதும் ரசிகர்கள் பதறிப்போனார்கள். கண்டுகொள்ளாமல் விடுவதில்தான் இந்தக் கலை உயிரோடு இருக்கிறது என்பது பலருடைய கருத்து, என்னுடையதும்.

எவ்வளவு செலவாகும்?

துணி, விக், காலணி, கவசம் எல்லாம் எதுவென்று பொறுத்தது. தோக்கியோவில் நிப்போரி துணிக்கடைத் தெருவில் துண்டுத் துணி தேடி நாள் முழுக்க அலைவார்கள். நம் ஊரில் சௌகார்பேட்டையில் அலைவது போலத்தான். கவசத்துக்கு ஈவா ஃபோம், அதாவது செருப்பின் அடிப்பாகத்தில் இருப்பது. சூடாக்கி வளைத்து, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் அதே ரப்பர் சொல்யூஷனால் ஒட்டினால் இரும்பு போலத் தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள், அந்த வாடை தலையைச் சுற்ற வைக்கும்.

என் நிறத்துக்கும் உடம்புக்கும் அனிமே பாத்திரம் பொருந்துமா?

இந்தக் கேள்வி எனக்கு அதிகமாக வருவது தமிழ்ப் பெண்களிடமிருந்து. அதனால் மெதுவாகவே சொல்கிறேன். அந்தப் பாத்திரங்களுக்கு நீல முடி, ஊதாக் கண், முகத்தில் பாதியளவு விழிகள். உலகத்தில் எவருக்கும் அவை இயல்பாகப் பொருந்தாது. ஜப்பானியருக்கும்தான். அவர்களும் விக்குக்குள் டேப் ஒட்டிக் கண்ணை இழுத்து, வண்ண லென்ஸ் வைத்துத்தான் நிற்கிறார்கள். உங்கள் நிறத்திலேயே செய்யுங்கள். வெளுப்பு மாவு வேண்டாம், இன்னொரு இனத்தவர் போலத் தெரிய முகத்தைக் கறுப்பாக்கவும் வேண்டாம். யாராவது படத்தின் கீழே நிறத்தைப் பற்றி எழுதினால் அழித்துவிடுங்கள். விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சென்னையில் எங்கே செய்யலாம்?

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் முதல் சென்னை காமிக் கான் நடந்தது, காஸ்பிளே போட்டியோடு. அனிமே தமிழ் டப்பிங்கில் தியேட்டருக்கு வரத் தொடங்கியபின் முதல் நாள் காட்சிக்கு வேடமிட்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். தியேட்டருக்குப் போவதாக இருந்தால் பெரிய வாளை வீட்டில் வைத்துவிடுங்கள். வாசலில் பை சோதிப்பவருக்கும் அது தொல்லை, பின்வரிசைக்காரருக்கும் தொல்லை.

டிவிக்காரர் வந்து மைக்கை நீட்டினால் என்ன செய்வது?

முதலில் எந்த நிகழ்ச்சி, எப்போது வரும் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் "வேண்டாம், நன்றி" என்று நகர்ந்துவிடலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வயது ஆகாதவர் குழுவில் இருந்தால் பெற்றோர் இல்லாமல் பேச விடாதீர்கள். பேசுவதாக இருந்தால், "ஏன் இப்படி உடுத்தியிருக்கிறீர்கள்?" என்ற முதல் கேள்விக்குத் தயாராக இருங்கள், அதைத்தான் கேட்பார்கள். தோள்பட்டைக் கவசத்தைக் கழற்றிக் கையில் கொடுத்து, இது எதனால் ஆனது, எத்தனை இரவு ஆனது, எந்த இடத்தில் மூன்று முறை பிரித்து ஒட்டினீர்கள் என்று காட்டுங்கள். கேமரா முகத்தை விட்டுக் கைக்கு இறங்கும்.